அவருக்கு வேர்க்கும்

கல்யாணமாகி நான் மலாக்கா காஜா பேராங் வீட்டுக்கு வந்த முதல் வாரம். உச்சி வெயில் நேரம். அத்தை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏ புள்ள, அவருக்கு வேர்க்கும். போயி ஒரு துணியெடுத்து நல்லாத் தொடச்சு விடு."

நான் துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு கூடத்துக்கு ஓடினேன். அங்கே சுவரோரக் கட்டிலில் என் மாமனார் படுத்திருந்தார். ஒரு காலத்தில் லோரி ஓட்டியவர். வாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கழுத்து மடிப்பிலும் நெஞ்சிலும் வியர்வை ஊறிக் கிடந்தது. நெற்றியிலிருந்து தொடங்கி மெதுவாகத் துடைத்துவிட்டேன். மாமா என்னை வியப்போடு பார்த்தார். பிறகு அவர் கண் நிறைந்தது. புது மருமகள் தொட்டதில் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

அத்தை நிலைப்படியில் வந்து நின்றார்.

"என்னா செய்யிற?"

"நீங்கதான அத்தை சொன்னீங்க, அவருக்கு வேர்க்கும்னு."

"அவருன்னா இவரு." அத்தை மேசைமேல் இருந்த ரேடியோவைக் காட்டினார். "கடல் காத்து ஈரம் உள்ள எறங்குனா என்னாத்துக்கு ஆவுறது? காஞ்ச துணியால தொடைக்கணும். அது வேர்த்தா வேர்த்துட்டுப் போவுது."

அப்படித்தான் அந்த வீட்டுப் பேச்சு எனக்குப் பிடிபட்டது. ரேடியோ 'அவரு'. மேசைக் காத்தாடி 'அவ'. கரி போடுகிற இஸ்திரிப் பெட்டி 'நம்ம புள்ள'. கட்டிய புருஷன் 'அது'.

அத்தை ஒடிசலான உடம்புக்காரர். ஜப்பான் சண்டைக்கு முன்னால் கடலோரத்தில் ஒரு துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்தவர். அந்தப் பழக்கத்தில் சேலையை வீட்டுக்குள்ளும் ஊசி குத்தித்தான் கட்டுவார். துரைசானியிடம் கற்ற ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை அவர் வாயில் எப்போதும் இருக்கும். யாராவது ரேடியோ மேசை ஓரம் போனால் போதும், "கேர்ஃபுல், கேர்ஃபுல்" என்பார். அவர் மகன், அதாவது என் வீட்டுக்காரர், மர ஆலையில் கணக்கெழுதும் கிராணி. அவர்கூட அந்த மேசையைத் தாண்டும்போது தோளைச் சுருக்கிக்கொள்வார்.

காலையில் எழுந்ததும் அத்தை ரேடியோவின் முகத்துத் துணியைப் பஞ்சால் ஒற்றி எடுப்பார். அடுத்து காத்தாடி. பித்தளை இறக்கைகள் ஒவ்வொன்றையும் புளி போட்டு மினுக்கி, நடுவில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுவார். இஸ்திரிப் பெட்டியின் சாம்பலைத் தட்டி, சேவல் தலை போட்ட அதன் கொக்கியைத் துடைத்து வைப்பார். அதற்கப்புறம்தான் மாமா.

மாமாவுக்கு அவர் குறை வைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. கஞ்சி நேரத்துக்குப் போகும். துணி தினமும் மாறும். முதுகில் ஒரு புண் வந்ததில்லை. புரட்டிப் போட்டு, கழுவி, பவுடர் போட்டுவிடுவார். வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை மட்டும் வராது. காத்தாடி கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அதன் முகம் ரேடியோவைப் பார்த்திருக்கும். ரேடியோ ஓட ஓடச் சூடாகும், அதற்குக் காற்று வேண்டும் என்பது அத்தை கணக்கு. மாமாவின் கால்மாட்டை ஒட்டிக் காற்று போகும். அவர் மேல் படாது. அவர் இடது கையை நீட்டி, விரல் நுனியால் அந்தக் காற்றைத் தொடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அத்தை இன்னொன்றும் செய்வார். சாயங்காலம் ரேடியோவைத் திறக்கும்போது முகப்பில் பச்சைக் கண் விளக்கு எரிந்து சத்தம் வரச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் அத்தை கட்டில் பக்கம் குனிந்து மாமாவின் காதோரம் மெதுவாகச் சொல்வார்.

"சொல்லு. இப்ப சொல்லு பாப்போம்."

மாமா கண்ணை மூடிக்கொள்வார். பேச்சு திரும்புவதற்காகப் பழக்குகிறார் என்று நான் நினைத்தேன். ரொம்ப நாள் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வெயில் தாங்க முடியவில்லை. அத்தை குளிக்கப் போயிருந்தார். நான் காத்தாடியை மாமா பக்கம் திருப்பி வைத்தேன். அவர் மூக்கு விரிந்தது. நெற்றி மயிர் பறந்தது. உதட்டின் நல்ல பக்கம் சிரித்தது. அத்தை ஈரத் தலையோடு வந்து நின்றார். திட்டவில்லை. காத்தாடியைப் பழையபடி திருப்பக்கூட இல்லை. மின்சாரக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

"ஒனக்குப் பாவமா இருக்குல்ல? நீ விசிறு."

விசிறினேன். நிறுத்தினால், "ஏன், பாவம் தீந்து போச்சா?" என்று கேட்டார். அவர் சமைத்து முடித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டு முடிக்கும்வரை நான் விசிறிக்கொண்டு நின்றேன். கடைசியில் மாமாவே இடது கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, போதும் என்று தலையசைத்தார்.

அன்றிலிருந்து ஒரு சட்டமும் வந்தது. மத்தியானம் காத்தாடிக்கு ஓய்வு. "காலையிலேருந்து ஓடுறா. அவளுக்கும் களைப்பு இருக்கும்" என்று சாப்பாட்டுக்குப் பிறகு நிறுத்திவிடுவார். வெயில் தணிந்த பிறகுதான் மறுபடி ஓடும்.

அத்தையின் இடது முன்கையில் ஒரு தழும்பு உண்டு. கூராகத் தொடங்கிப் படகு மாதிரி விரிந்த தழும்பு. ஒரு தடவை அத்தை என் வீட்டுக்காரரின் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பெட்டியின் அடியைப் பார்த்தேன். பிறகு அவர் கையைப் பார்த்தேன். அத்தை நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார்.

"இதேதான்" என்றார்.

"இதுவா அத்தை? சுட்ட பெட்டியையா இன்னும் வச்சிருக்கீங்க? தூக்கிப் போட்டிருக்கலாம்ல?"

"இவன் என்னா செஞ்சான்?" பெட்டியின் மரப்பிடியைத் தடவினார். "எங்கம்மா குடுத்த நாள்லேருந்து இவன் ஒழச்சிட்டுதான் இருக்கான். கரி போட்டா சுடுவான், சாம்பலத் தட்டுனா ஆறிடுவான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். பிடிச்ச கைதான் செஞ்சிச்சு."

சொல்லிவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினார். அங்கே மாமாவின் வலது கை தலையணை மேல் உள்ளங்கை மேலாகக் கிடந்தது. அத்தைதான் காலையில் அதைக் கழுவி, நகம் வெட்டி அங்கே வைத்திருந்தார். மாமா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒன்று மட்டும் அவரால் செய்ய முடிந்தது.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திர நாள். எங்கள் வரிசையில் ரேடியோ இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். காலையிலேயே அக்கம்பக்கத்து ஜனம் வாசலில் வந்து நின்றது. எங்கள் ஆட்களோடு பக்கத்துக் கம்போங் குடியிருப்பிலிருந்து, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய மலாக்கா செட்டிக் குடும்பங்களும் வந்திருந்தன. பெண்கள் கெபாயாச் சட்டை போட்டு, சாரோங் கட்டி, கொண்டையில் ஊசி செருகி வந்தார்கள். அவர்கள் மலாயில்தான் பேசுவார்கள். கோயில் சம்பந்தமாக மட்டும் நாலு தமிழ் வார்த்தை கலக்கும்.

அத்தை ஒருவரையும் உள்ளே விடவில்லை.

"இத்தன பேரு மூச்சு விட்டா அவரு என்னாத்துக்கு ஆவாரு? அங்கயே நில்லுங்க, கேக்கும்."

ஜன்னலைத் திறந்து ரேடியோவை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார். எல்லோரும் சேற்றில் நின்று கேட்டார்கள். கோலாலம்பூரில் மழையாம், அதனால் தாமதம் என்று யாரோ சொன்னார்கள். பிறகு அறிவிப்பு தொடங்கியது. கடைசியில் ரேடியோவுக்குள் பெருங்கூட்டம் "மெர்டேக்கா" என்று கத்தியது. எங்கள் வாசலும் கத்தியது. இரண்டாவது தடவை கத்தியது. அந்தச் சத்தத்தோடு சேர்ந்து கட்டிலில் இருந்து ஒரு ஊளை வந்தது. மாமாவும் கத்த முயன்றார். அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, "மே... மே..." என்று வந்தது.

அத்தை அவரைப் பார்த்தார். கை நீட்டி ரேடியோவை நிறுத்தினார்.

"போதும். எம்மாம் நேரந்தான் கத்துவாரு? அவருக்கும் தொண்ட வலிக்கும்ல."

வாசலில் நின்றவர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். யாரோ, "இன்னும் முடியலையேம்மா" என்று கெஞ்சினார்கள். அத்தை ஜன்னலைச் சாத்திவிட்டார். எங்கள் வரிசைக்கு மெர்டேக்கா பாதிதான் கிடைத்தது என்று பிறகு ரொம்ப நாள் கேலியாகச் சொல்லிக்கொண்டார்கள். மாமா அன்று இரவுக் கஞ்சியைக் குடிக்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

மறுநாள் எனக்கு அடக்க முடியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த செட்டி வீட்டு அம்மாவிடம் போய் அழுதேன். அவரை எல்லோரும் பீபிக் என்று கூப்பிடுவோம். அத்தைக்குப் பல வருஷச் சிநேகிதி. "என்ன பீபிக் இது, இப்படி ஒரு கல்நெஞ்சமா?" என்று கேட்டேன். பீபிக் அரைத்துக்கொண்டிருந்த சம்பாலை விட்டுவிட்டுக் கை கழுவினார். மலாயில்தான் சொன்னார். எனக்குப் புரியவேண்டும் என்று மெதுவாகச் சொன்னார்.

ஜப்பான்காரன் வருகிறான் என்று துரை குடும்பம் சிங்கப்பூருக்கு ஓடியபோது, வேண்டியதை எடுத்துக்கொள் என்று துரைசானி சொல்லிவிட்டுப் போனாளாம். மற்ற வேலைக்காரர்கள் போர்வையும் டின் சாமானும் எடுத்தார்கள். அத்தை ரேடியோவைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். திரும்பப் போய்க் காத்தாடியையும் கொண்டுவந்தார். அப்போது எங்கள் வீட்டில் கரண்டே கிடையாது. ஒரு நாள் இந்த வீட்டில் அது பாடும் என்று மட்டும் சொன்னாராம். பிறகு ஜப்பான்காரன் வந்தான். ரேடியோவை ஒளித்து வைத்திருந்தால் தலை போகும் காலம். எல்லோரும் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள், இல்லாவிட்டால் உடைத்துக் கிணற்றில் போட்டார்கள். அத்தை அரிசிச் சாக்கில் சுற்றி, தகரப் பெட்டிக்குள் வைத்து, கோழிக் கூட்டுக்கு அடியில் புதைத்தார்.

"உன் மாமாவுக்கு அது தெரியும்" என்றார் பீபிக்.

அவ்வளவுதான், மாமாவுக்குக் கையில் சாட்டை கிடைத்தமாதிரி ஆயிற்று. குடித்துவிட்டு வருவார். அத்தை எதற்காவது முடியாது என்று சொல்ல வாயெடுத்தால், நேராகக் கொல்லைக்குப் போய்க் கோழிக் கூட்டின் பக்கத்தில் நின்று காலால் தரையை மிதிப்பார்.

"சொல்லட்டா?"

வாசலுக்கு முன்னால் போகும் சடக்கில் ஜப்பான் போலீஸ் ரோந்து போகும்போதும் சிரித்துக்கொண்டே கேட்பார். "சொல்லட்டா? சொல்லட்டா?" வேலிக்கு இந்தப் பக்கம் பீபிக்குக்குக் கேட்குமாம். பீபிக் தன் பிள்ளைகளின் காதைப் பொத்துவாராம். அந்த மூன்று சொச்ச வருஷமும் அத்தை எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை சொன்னார். அன்றைக்குத்தான் இஸ்திரிப் பெட்டி.

"காசியான்" என்றார் பீபிக். பாவம் என்று அர்த்தம். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அத்தை ரேடியோவைத் திறந்தார். பச்சைக் கண் எரிந்தது. கட்டில் பக்கம் குனிந்தார். "சொல்லு. இப்ப சொல்லு பாப்போம்." நான் அடுப்படியில் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

அடுத்த வருஷம், வெயில் கொளுத்திய ஒரு மாதத்தில் மாமா போய்விட்டார். மத்தியானம் காத்தாடி ஓய்வில் இருந்த நேரம். கஞ்சியோடு போன நான்தான் முதலில் பார்த்தேன். கண் திறந்திருந்தது. தலையணை முழுக்க ஈரம். இடது கை காத்தாடி இருந்த பக்கம் நீண்டு கிடந்தது. அத்தை வந்து பார்த்தார். மூக்கருகே விரலை வைத்தார். பிறகு, "தண்ணி காய வையி" என்று மட்டும் சொன்னார்.

சாவு வீட்டில் கூட்டம் சேர்ந்தது. ஊதுபத்தியும் சாம்பிராணியும் புகைந்தன. அத்தை எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு புது வெள்ளைத் துணியை எடுத்து வந்தார். பிணத்துக்குப் போர்த்தத்தான் என்று எல்லோரும் வழி விட்டார்கள். அவர் அதை ரேடியோவுக்குப் போர்த்தினார்.

"பொகை உள்ள போயிடும்."

என் வீட்டுக்காரர் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் தாடை இறுகியதை நான் பார்த்தேன். சிறு வயதில் அப்பாவோடு லோரியில் மூவார் வரைக்கும் போய் வந்த கதையை மட்டும் அன்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கருமாதி முடிந்த மறுநாள் அத்தை கோயிலுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு பழைய சாமான்காரனைக் கூட்டிவந்தார்.

"ஏங்க, வேணாங்க" என்று கையைப் பிடித்தேன். "அவங்க பட்டது ஒங்களுக்குத் தெரியாது."

"தெரியும்" என்றார். "கோழிக் கூடு, இஸ்திரிப் பெட்டி, எல்லாந் தெரியும். நான் அதே வீட்டுலதான் இருந்தேன். ஆனா கடைசி நாள்ல அந்த மனுஷனுக்குக் கொஞ்சம் காத்தாவது குடுத்திருக்கலாம். ஒரு இரும்புச் சாமானுக்குக் குடுத்த காத்து."

ரேடியோ, காத்தாடி, இஸ்திரிப் பெட்டி மூன்றையும் தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். என் கையை உதறியபோது மணிக்கட்டில் ஒரு வளையல் உடைந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அத்தை திரும்பி வந்தார். கையில் விபூதிப் பொட்டலம். மேசையைப் பார்த்தார். தூசி படாமல் வெளுத்திருந்த சதுரத்தைப் பார்த்தார். கத்துவார், தலையில் அடித்துக்கொள்வார் என்று நான் பயந்து நின்றேன். அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"ரேடியோவ எப்படிப் புள்ள தூக்கிட்டுப் போனான்? தலகீழாவா?"

"இல்லத்தை. நேராத்தான் வச்சான். நான் பாத்தேன்."

"அவளுக்கு எண்ண விடணும்னு சொன்னீங்களா?"

சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார். அத்தை அவர் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அதுக்குச் சோறு போடு புள்ள."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் குழாயை மூடாமல் நின்றார்.

அதற்குப் பிறகு அத்தை மகனோடு பேசவில்லை. கொஞ்ச நாளில் பீபிக் ஒரு சேதி கொண்டுவந்தார். தெங்கேராவில் ஒரு சீனர் காப்பிக் கடையில் அந்த ரேடியோ இருக்கிறது, அவரே பார்த்தார். மறுநாள் காலை பசியாறியதும் அத்தை ஊசி குத்திய சேலையோடு கிளம்பினார். காப்பிக் கடைக்கு வெளியே நடைபாதைத் தூணோரம் நின்றுகொண்டு, உள்ளே ரேடியோ பாடுவதைக் கேட்டார். சீனப் பாட்டுத்தான். ஒரு வார்த்தை புரியாது. தினமும் போய் நின்றார். கடை முதலாளியான தவுக்கே முதலில் விரட்டினாராம். பிறகு ஒரு முக்காலி எடுத்துப் போட்டாராம். அத்தை உட்காரவில்லை.

ஆலையில் ஆட்கள் என் வீட்டுக்காரரிடம் கேட்கத் தொடங்கினார்கள். "என்ன கிராணி, ஒங்கம்மா காப்பிக் கடை வாசல்ல நிக்கிறாங்க, வீட்டுல சோறு இல்லையா?" அவர் பல நாள் பொறுத்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தவுக்கேயிடம் கெஞ்சிக் கேட்டு ரேடியோவைத் திரும்ப வாங்கி, மூன்று சக்கரப் பெச்சாவில் ஏற்றி, மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். எனக்கு அப்போது ஏழாம் மாதம். சத்தம் கேட்டு நானும் வாசலுக்கு வந்தேன்.

"அம்மா. கொண்டாந்துட்டேம்மா."

அத்தை கிட்டே வந்தார். முந்தானையால் ரேடியோவின் முகத்தைத் துடைத்தார். பின்பக்கம் குனிந்து பார்த்தார். பொத்தானைத் திருப்பிப் பார்த்தார். தவுக்கே கடை எண்ணெய்ப் பிசுக்கு ஓரத்தில் இருந்தது, அதையும் நகத்தால் சுரண்டி எடுத்தார். என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு சின்னப் பையனின் களை வந்திருந்தது.

"நல்லாத்தான் வச்சிருக்கான் தவுக்கே" என்றார் அத்தை. இத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் மகனைப் பார்த்துப் பேசினார். "கொண்டு போயி அங்கயே வச்சிட்டு வா."

"ஏம்மா? ஒனக்காகத்தான..."

"இந்த வீட்டு ஆம்பளைங்கள நம்பி இவர இங்க வைக்க முடியாது."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பெச்சாக்காரர் இன்னும் போகாமல் நின்று பீடி புகைத்துக்கொண்டிருந்தார். ரேடியோ மறுபடி வண்டியில் ஏறியது. அத்தை சடக்கு முனைவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிரசவத்தில் அத்தை என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டார். மருந்து அரைத்துக் கொடுத்தார், வெந்நீர் ஊற்றினார், என் தலையைத் துவட்டிவிட்டார். பிள்ளையை மட்டும் தொடவில்லை. அழுதால், "ஒம்புள்ள அழுவுறான் பாரு" என்று என்னைக் கூப்பிடுவார்.

அவன் நடக்கத் தொடங்கிய பிறகு காலையில் பாட்டி செருப்பு மாட்டுகிற நேரத்துக்குச் சரியாக வாசலுக்கு ஓடிவிடுவான். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். அத்தை குனிந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். வலிக்காமல்தான் எடுப்பார். பிறகு அவனைச் சுற்றிக்கொண்டு சடக்கில் இறங்கித் தெங்கேரா காப்பிக் கடைப் பக்கம் நடந்துவிடுவார்.